இடைக்காலப் போர்ப் படங்களை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் புரொஜெக்டர் வைத்து மாதம் ஒரு போர்ப் படம் பார்ப்பது சில ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுவர்தான் எங்களுக்குத் திரை. நேர் எதிரே அமர்ந்தால் சற்று மினுங்கும் என்பதால், பிள்ளைகள் தூண்களுக்குப் பக்கத்தில் ஓரமாக இடம்பிடித்துக் கொள்வார்கள். 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் பார்த்து முடித்த இரவில் என் அண்ணன் மகள், "சித்தப்பா, இதெல்லாம் நெசமாவே நடந்துச்சா?" என்று கேட்டாள். பாதி நிஜம், பாதி கதை என்று சொன்னேன். எந்தப் பாதி என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்ல வேண்டும் என்று தொடங்கிய முயற்சிதான் இந்த வழிகாட்டி. நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். போர்ப் படங்களைச் சிறு வயது முதல் விரும்பிப் பார்ப்பவன். விரும்பிய படத்தைச் சோதித்தால் விருப்பம் போய்விடும் என்று முன்பு அஞ்சியதுண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. சோதித்த பிறகு சில படங்களின் மீது மதிப்புக் கூடியது. சில படங்களை வேறு காரணங்களுக்காக இன்றும் விரும்புகிறேன்.

முதற்படி: படம் எதைக் காட்டுவதாகச் சொல்கிறது?

வரலாற்றோடு ஒப்பிடுவதற்கு முன்பு, அந்தப் படம் வரலாற்றைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். 'நாடோடி மன்னன்' (1958), 'பாகுபலி' (2015) ஆகிய படங்களில் நாடும் கற்பனை, மன்னரும் கற்பனை. அவற்றில் ஆண்டையும் வம்சத்தையும் தேடுவதில் பயனில்லை. 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களும் (2022, 2023) ஒரு வரலாற்று நாவலின் படவடிவம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியபோதே மெய்யான மாந்தரோடு கற்பனை மாந்தரையும் கலந்தார். ஆகையால் நாவலிலேயே இருந்த கற்பனை எது, படம் புதிதாகச் செய்த மாற்றம் எது என்று இரண்டு அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'பிரேவ்ஹார்ட்' (1995), 'கிங்டம் ஆஃப் ஹெவன்' (2005) போன்றவை மெய்யாக வாழ்ந்தவர்களின் பெயர்களையும் மெய்யாக நடந்த போர்களையும் எடுத்துக்கொண்டவை. கடுமையான சோதனை இவற்றுக்குத்தான் தகும்.

கால எல்லையையும் இப்போதே வகுத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை இடைக்காலம் என்பர். தமிழகத்தில் பல்லவர், பாண்டியர், சோழர் காலத்தை அதில் அடக்கலாம். எங்கள் பகுதிக்காரரான கவியரசர் கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' (1959) எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம் என்றாலும், அது பேசும் மருது சகோதரர்களின் போர் 1801இல் முடிந்தது. துப்பாக்கியும் பீரங்கியும் முழக்கமிட்ட காலத்தை வேலும் வில்லும் ஆண்ட காலத்தோடு சேர்த்து அளக்க முடியாது.

இரண்டாம் படி: முதல் தடவை நிறுத்தாமல் பார்த்தல்

முதல் தடவை பார்க்கும்போது கையில் பேனா வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். இடையிடையே நிறுத்தித் தேடத் தொடங்கினால், படம் எதைப் பெரிதாக்குகிறது, எதை ஒதுக்குகிறது என்பது புலப்படாது. குறிப்பு எடுப்பதை இரண்டாம் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: படத்துக்கு ஒரு பேரேடு

எங்கள் ஐயா வணிகத்துக்காகக் கொண்டுவிற்கப் போன காலத்துக் கணக்கேடுகள் இன்னமும் பட்டாலை (கூடம்) அலமாரியில் இருக்கின்றன. வரவும் பற்றும் தனித்தனிப் பத்தியில் நிற்கும். ஆண்டு முடிவில் ஐந்தொகை கட்டும்போது காசு குறைந்தால் எந்த வரியில் குறைந்தது என்று தேடுவார்களாம். படத்துக்கும் அதே முறையைப் பின்பற்றினேன். ஒரு தாளில் மூன்று பத்திகள்: படம் சொல்வது, சான்று சொல்வது, வேறுபாட்டின் தன்மை. மூன்றாம் பத்தியில் மூன்று சொற்களை மட்டும் பயன்படுத்துகிறோம். ஆண்டுகளை நெருக்கியிருந்தால் 'சுருக்கம்'. சான்று பேசாத இடத்தைக் கற்பனையால் நிரப்பியிருந்தால் 'சேர்ப்பு'. சான்றுக்கு நேர் எதிராக இருந்தால் 'முரண்'.

அதோடு ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் எடை போட வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான்: போர் ஏன் அப்படி முடிந்தது என்ற காரணத்தை ஒரு பிழை மாற்றிவிடுகிறதா, இல்லையா? மாற்றாத பிழை சிறியது. மாற்றும் பிழை பெரியது. பலரும் உடையிலும் தலைக்கவசத்திலும் பிழை கண்டுபிடித்ததோடு நின்றுவிடுகிறார்கள்.

'பிரேவ்ஹார்ட்' படத்தை இந்தப் பேரேட்டில் ஏற்றினால் பக்கம் விரைவாக நிரம்பும். படம் 1280இல் ஸ்காட்லாந்து மன்னர் வாரிசின்றி இறந்துவிட்டதாகத் தொடங்குகிறது. அந்த மன்னரான மூன்றாம் அலெக்சாண்டர் இறந்தது 1286இல். வீரர்கள் இடுப்பில் சுற்றியிருக்கும் கட்டம்போட்ட துணி உடை அவர்களுக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது. இளவரசி இசபெல்லாவுக்கும் கதைத்தலைவனான ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸுக்கும் இடையே காதல் காட்டப்படுகிறது. வாலஸ் 1305 ஆகஸ்டில் கொல்லப்பட்டபோது அவள் பிரான்சில் பத்து வயதை ஒட்டிய சிறுமி. இங்கிலாந்துக்கு மணமகளாக வந்தது 1308இல். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டும் வாலஸும் ஒரே பொழுதில் உயிர்விடுவதுபோல் படம் முடிகிறது. எட்வர்ட் இறந்தது 1307 ஜூலையில்.

இவற்றில் இசபெல்லா காதல் முரண், மன்னரின் மரணம் சுருக்கம், உடை முரண் என்றாலும் எடையற்றது. எடை மிகுந்த பிழை வேறிடத்தில் இருக்கிறது. 1297 செப்டம்பர் 11 அன்று நடந்த ஸ்டெர்லிங் பாலப் போரில், ஃபோர்த் ஆற்றின் மேல் இருந்த மரப்பாலம் மிகக் குறுகலானது. குதிரைவீரர் இருவர் இருவராகத்தான் கடக்க முடியும். ஆங்கிலேயப் படையில் ஒரு பகுதி இக்கரைக்கு வந்து சேரும் வரை வாலஸும் அவனோடு தலைமை தாங்கிய ஆண்ட்ரூ மோரேயும் மேட்டில் காத்திருந்து, பின்னர் இறங்கிப் பாலத்தின் முனையை அடைத்தார்கள். வந்தவர்கள் திரும்பவும் முடியாமல், அக்கரையில் இருந்தவர்கள் உதவவும் முடியாமல், ஆற்று வளைவுக்குள் சிக்கி அழிந்தார்கள். சிறிய படை பெரிய படையை வென்றதற்கு அந்தப் பாலமே காரணம். படத்திலோ பாலமே இல்லை, ஆண்ட்ரூ மோரேயும் இல்லை. திறந்த வெளியில் இரு படைகள் நேருக்கு நேர் மோதுகின்றன. பாலத்தை எடுத்தவுடன் வெற்றிக்கான காரணம் பொறுமையும் இடமறிதலும் என்பதிலிருந்து ஆவேசமும் வீரவுரையும் என்பதற்கு மாறிவிடுகிறது. எங்கள் பேரேட்டில் இந்த ஒரு வரியைத்தான் சிவப்பு மையில் எழுதினோம்.

அப்படியிருந்தும் அந்தப் படத்தை நான் விரும்புகிறேன். கூட்டமாக நடக்கும் கைகலப்பின் நெரிசலையும் அச்சத்தையும் அதற்கு முன் நான் பார்த்த எந்தப் படமும் அவ்வளவு அருகில் கொண்டுவந்து காட்டியதில்லை.

நான்காம் படி: இரு தரப்பின் ஏட்டையும் எடுத்தல்

வரலாறு என்றவுடன் ஒரே உண்மை எங்கோ பத்திரமாக எழுதி வைக்கப்பட்டிருப்பதாக நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த, எங்கள் பக்கத்துப் போர் ஒன்றையே எடுத்துக்கொண்டேன்.

வலையபட்டி, மேலைச்சிவபுரி உறவுகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நாங்கள் கடந்து செல்லும் பொன்னமராவதி, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பெரும் போரின் களமாக இருந்தது. மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். படை வந்து சேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆயினும் இலங்கைத் தண்டநாயகன் (படைத்தலைவன்) இலங்காபுரன் திரும்பிச் செல்லாமல், இறந்தவனின் மகன் வீரபாண்டியனுக்காகப் போரைத் தொடர்ந்தான். குலசேகரனுக்குச் சோழர் துணை நின்றனர். தொண்டி, பாசி, பொன்னமராவதி, மணமேற்குடி என்று போர் நடந்த இடங்களின் பெயர்களைச் சோழர் கல்வெட்டுகள் தருகின்றன.

இனி இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைப்போம். இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம், இலங்காபுரன் பொன்னமராவதியில் மூன்று மாடி அரண்மனையை எரித்து வெற்றிமேல் வெற்றி பெற்றதாகப் பாடுகிறது. அவனது சாவைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, இலங்காபுரனையும் பிற தண்டநாயகர்களையும் கொன்று, அவர்களுடைய தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடித்து வைத்ததாகச் சொல்கிறது. ஒரே போரில் இரு தரப்புக்கும் வெற்றி! எந்த ஏட்டை மட்டும் படிக்கிறோமோ அந்த ஏட்டின் படத்தைத்தான் எடுப்போம். இரண்டையும் படித்தால், தொடக்கத்தில் இலங்கைப் படை உள்நாடு வரை முன்னேறியது உண்மை, பிறகு சோழர் தலையீட்டால் நிலைமை தலைகீழானதும் உண்மை என்று தெளிவு பிறக்கிறது.

கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் பாடும் மெய்க்கீர்த்தியும், போர் வெற்றியைப் பாடும் பரணியும் புகழுக்காக எழுதப்பட்டவை. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமானின் கலிங்க வெற்றியைப் பாடும்போது, பேய்கள் கூழட்டு உண்பதைச் செய்தியாக எவரும் கொள்வதில்லை. ஆனால் படை சென்ற வழியையும் தளபதியின் பெயரையும் ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். படத்தையும் அந்த நிதானத்தோடு அணுக வேண்டும்.

'கிங்டம் ஆஃப் ஹெவன்' இந்த இரு தரப்புச் சோதனைக்கு நல்ல பொருள். 1187 ஜூலை 4 அன்று ஹத்தீன் போரில், சிலுவைப் போர்க் காலத்துக் கிறித்தவ எருசலேம் அரசின் படை முஸ்லிம் சுல்தான் சலாவுதீனிடம் தோற்றது. அக்டோபர் 2 அன்று எருசலேம் நகரம் சரணடைந்தது. தோல்விக்குப் பின் கூடாரத்தில் நடக்கும் காட்சியைக் கவனியுங்கள். சலாவுதீன் குளிர்ந்த நீரைச் சிறைப்பட்ட எருசலேம் மன்னன் கீயிடம் நீட்டுகிறார். கீ அதை உடன் சிறைப்பட்ட பிரபு ரேனால்டிடம் கொடுக்கிறான். நான் உனக்கு இந்தக் குவளையைத் தரவில்லை என்று சொல்லிவிட்டுச் சலாவுதீன் ரேனால்டைத் தம் கையால் வெட்டுகிறார். மிகைபோல் தோன்றும் இந்நிகழ்ச்சி, சலாவுதீனுக்கு நெருக்கமாக இருந்த அரபு எழுத்தாளர்களின் குறிப்பிலேயே இருக்கிறது. கையால் நீர் கொடுத்துவிட்டால் கைதியைக் காப்பது கடமையாகிவிடும் என்பது அவர்கள் மரபு.

கதைத்தலைவன் பேலியன் பற்றிய பத்தியில்தான் முரண்கள் குவிகின்றன. படத்தில் அவன் பிரான்சிலிருந்து வந்த இளம் கொல்லன். மெய்யான பேலியன் கிழக்கிலேயே வேரூன்றிய பிரபு குடும்பத்தவர், நடுவயதினர். ஹத்தீன் களத்தில் படத்தின் பேலியன் இல்லை. மெய்யான பேலியன் அங்கே போரிட்டு, வளைப்பை உடைத்துக்கொண்டு தப்பியவர். படத்தில் அவன் இளவரசி சிபில்லாவைக் காதலிக்கிறான். மெய்யான பேலியனின் மனைவி மரியா கொம்னேனே, சிபில்லாவின் தந்தையான மன்னர் அமால்ரிக்கின் விதவை. உறவுமுறை சொல்வதானால் பேலியன் சிபில்லாவுக்குச் சிற்றன்னையின் கணவர். இதைக் கேட்டதும் எங்கள் அப்பத்தா, அந்தப் படத்தை இனி இந்த வீட்டில் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

நகரத்தை ஒப்படைத்த நிபந்தனையையும் பார்க்க வேண்டும். படத்தில் எல்லோரும் பாதுகாப்பாக வெளியேற அனுமதிக்கப்படுகிறார்கள். உண்மையில் ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1 என்று மீட்புப்பணம் விதிக்கப்பட்டது. ஏழைகளில் ஒரு பகுதியினரை 30,000 தீனார் மொத்தமாகக் கொடுத்து மீட்டார்கள். அப்படியும் பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். சலாவுதீன் பெருந்தன்மையோடு நடந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது என்பதைப் படம் மறைத்துவிட்டது. என் கணக்கில் இதுவே அப்படத்தின் எடை மிகுந்த பிழை.

ஐந்தாம் படி: கையில் பிடிக்கும் பொருள்களைச் சோதித்தல்

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், துருவேறிய பழைய வாள் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் பித்தளைச் சாமான்களை நிறுக்கும் தராசிலேயே அதை வைத்தார், ஒன்றேகால் கிலோதான். அது எந்தக் காலத்து வாள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் திரையில் வாளை இரு கையாலும் திணறித் தூக்கும் காட்சிகள் எவ்வளவு பொய் என்பது அந்தத் தராசில் விளங்கியது. இடைக்கால ஐரோப்பாவின் ஒற்றைக்கை வாள்களும் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடைக்குள் அடங்குபவையே.

இரும்புக் கவசத்தைப் பற்றி நானே தவறாகச் சொல்லியிருக்கிறேன். 1944இல் லாரன்ஸ் ஒலிவியர் நடித்து இயக்கிய 'ஹென்றி தி ஃபிப்த்' படத்தில், முழுக்கவசம் அணிந்த வீரனைக் கப்பி கட்டித் தூக்கிக் குதிரைமேல் இறக்குகிறார்கள். அதை நம்பிப் பிள்ளைகளிடம் அப்படியே விளக்கினேன். பின்னர் படித்தபோதுதான், போர்க்களத்துக்கான முழுக்கவசம் ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ வரைதான் என்பதும், அந்த எடை உடல் முழுவதும் பரவி நிற்பதால் ஓடவும் விழுந்து எழவும் முடியும் என்பதும் தெரிந்தன. பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதி கவசத்தோடு குதிரைமேல் தாவி ஏறுவார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. அடுத்த மாதக் காட்சிக்கு முன்பு பிள்ளைகளை அமரவைத்து, நான் சொன்னது பிழை என்று திருத்திச் சொன்னேன்.

தமிழ்ப் படங்களுக்கு எங்கள் ஊர்க் கண் மிகவும் உதவும். பின்னணியில் ஆத்தங்குடிக் கல் தெரிந்தால் அது சோழர் அரண்மனை ஆகாது. சிமெண்ட் கொண்டு வார்க்கும் தரைக்கல் 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் இருக்க வழியில்லை. சமையற்கட்டில் காய்ந்த மிளகாய் கிடந்தாலும் பிழைதான். 1498க்குப் பிறகு போர்த்துகீசியர் வழியே வந்த பொருள் அது. இராஜராஜன் காலத்துக் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. கோட்டை என்றவுடன் திருமயத்தை நினைக்கிறோம். கிழவன் சேதுபதி காலத்தில் 1687இல் எழுந்த அக்கோட்டை பீரங்கிக் காலத்தது. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும் அப்படியே. முற்காலப் போர் உருவங்களைக் காண வேண்டுமானால் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாற்றைச் செதுக்கியிருக்கும் புடைப்புச் சிற்பங்களைப் பார்க்கலாம்.

இவை யாவும் எடை குறைந்த பிழைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி உண்டாகிறது, அதனால் செய்கிறோம்.

ஆறாம் படி: நிலமும் நீரும்

ஊருணி வற்றிய கோடையைக் கண்டவர்களுக்கு ஹத்தீனை விளக்குவது எளிது. 1187 ஜூலை 3 அன்று எருசலேம் படை சஃபூரியா ஊற்றுகளை விட்டு திபேரியாவை நோக்கிப் புறப்பட்டது. இடையில் போதிய நீர் இல்லை. இரும்பும் தோலும் அணிந்த வீரர்களும் குதிரைகளும் பகல் முழுதும் அம்புகளுக்கு நடுவே நடந்து, இரவை நீரின்றிக் கழித்தார்கள். விடிந்ததும் எதிரிகள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துப் புகையையும் தாகத்தோடு சேர்த்தார்கள். வாள் உருவப்படுவதற்கு முன்பே பாதித் தோல்வி முடிந்துவிட்டது. 'கிங்டம் ஆஃப் ஹெவன்' இந்தப் போரைக் காட்டாமல், தளர்ந்த படையின் நடையையும் பிறகு கழுகுகள் வட்டமிடும் பிணக்காட்டையும் மட்டும் காட்டுகிறது. வெட்டும் குத்தும் காட்டியிருந்தால் தாகம் மறந்துபோயிருக்கும் என்பதால், இதை மிகச் சரியான முடிவு என்று கருதுகிறேன். பேலியனைப் பற்றி எவ்வளவு பொய் சொன்னாலும், தோல்வியின் காரணத்தைப் படம் மாற்றவில்லை.

'தி கிங்' (2019) படத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதும் அஜின்கோர்ட் போருக்கும் இதே பாராட்டு உண்டு. 1415 அக்டோபர் 25 அன்று, இரு காடுகளுக்கு இடையே இருந்த உழவு நிலம் முந்தைய இரவு மழையில் சேறாகியிருந்தது. கவசம் அணிந்த பிரெஞ்சுப் பிரபுக்கள் அந்தச் சேற்றில் நெருக்கியடித்து முன்னேறி, பின்னால் வந்தவர்களால் தள்ளப்பட்டு, விழுந்தவர் எழ முடியாமல் மூச்சுத்திணறினார்கள். எங்கள் பக்கத்தில் மழைக்குப் பின் கண்மாய்க் கரையோர வயலில் கால் வைத்தவர்கள் இதை உடனே உணர்வார்கள். அந்தச் சேற்றின் கனத்தைப் படம் அருமையாகக் காட்டியிருக்கிறது. பிரெஞ்சு இளவரசன் களத்தில் சாவது முரண். அவன் அன்று அங்கே இல்லை, நோயுற்று அவ்வாண்டு டிசம்பரில் இறந்தான். ஆங்கில மன்னனின் பக்கத்திலேயே நிற்கும் ஃபால்ஸ்டாஃப் ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பிறந்தவன்.

ஏழாம் படி: படம் வந்த ஆண்டு

ஒவ்வொரு போர்ப் படமும் இரண்டு காலங்களைப் பேசுகிறது. 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' (1938) 1242இல் பெய்புஸ் ஏரியின் பனிமேல் ரஷ்யரும் ஜெர்மானிய வீரத்துறவியரும் மோதியதைக் காட்டுகிறது. இயக்குநர் ஐசன்ஸ்டைன் அதைக் கோடைக்காலத்தில் செயற்கைப் பனி பரப்பி எடுத்தார். பனிக்கட்டி உடைந்து படை மூழ்கும் புகழ்பெற்ற காட்சி, போருக்கு நெருக்கமான நோவ்கொரோத் ஏட்டில் இல்லை. ஜெர்மனியின் அச்சுறுத்தல் வளர்ந்த காலத்தில் வந்த அப்படம், 1939இல் ரஷ்யாவும் ஜெர்மனியும் உடன்படிக்கை செய்தவுடன் திரையிலிருந்து எடுக்கப்பட்டு, 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் மீண்டும் திரைக்கு வந்தது. அந்தப் பனிமேல் புரோகோஃபியெவின் இசையோடு வரும் குதிரைப்படையை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எட்டாம் படி: சான்று பேசாத இடம்

இப்போது என் அண்ணன் மகளின் கேள்விக்கு வரலாம். 'பொன்னியின் செல்வன்' மாந்தரில் சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், அருள்மொழி, குந்தவை, மதுராந்தகன், செம்பியன் மாதேவி ஆகியோர் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் வாழ்பவர்கள். வந்தியத்தேவனையும் கற்பனை என்று பலர் எண்ணுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவியாகவே குறிப்பிடுகிறது. ஆனால் அவனுடைய ஓலைப் பயணமும் ஒற்று வேலையும் கல்கியின் ஆக்கம். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் முழுக்கக் கற்பனை.

போர்களைப் பொறுத்தவரை, படம் ஆதித்த கரிகாலனை இராஷ்டிரகூடரை எதிர்க்கும் வீரனாக அறிமுகப்படுத்துகிறது. சான்றுகளில் அவனுக்குப் புகழ் தந்தது பாண்டியப் போர். மதயானையோடு விளையாடும் சிங்கக்குட்டிபோல் வீரபாண்டியனோடு பொருதான் என்று ஆனைமங்கலச் செப்பேடு பாடுகிறது. அந்த வெற்றியால்தான் அவன் வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று பெயர் பெற்றான். இராஷ்டிரகூடரால் சோழர் பட்ட பெரிய அடி அதற்கு முன்னரே, 949இல் தக்கோலத்தில், இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் மாண்டபோது விழுந்தது.

கரிகாலனைக் கொன்றது யார்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் உறவினர்களது நிலங்களைப் பறிமுதல் செய்ததை அது பதிவு செய்கிறது. அவர்களுள் பஞ்சவன் பிரமாதிராஜன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று அரசு விருதுப்பெயர் தாங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். எப்படிக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், எதற்காக என்று அக்கல்வெட்டு சொல்லவில்லை. கொலைக்குப் பின் உத்தம சோழன் ஆட்சி முழுதும் கடந்து, இராஜராஜன் 985இல் அரசேறிய பிறகே இந்த நடவடிக்கை ஏன் என்ற கேள்வியில் அறிஞர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள். இந்த மௌனத்துக்குள்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். படமும் அவளையே மையமாக்கியது. எனவே எங்கள் பேரேட்டில் நந்தினிக்கு நேரே 'முரண்' என்று எழுதவில்லை, 'சேர்ப்பு' என்று எழுதினோம். இசபெல்லாவுக்கும் நந்தினிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்: முதலாவது சான்றை மறுக்கிறது, இரண்டாவது சான்று விட்டுச்சென்ற இடத்தில் நிற்கிறது.

எந்த வரிசையில் தொடங்கலாம்?

புதிதாகத் தொடங்குவோர் 'தி கிங்' படத்தில் தொடங்கி நிலத்தைக் கவனிக்கப் பழகலாம். அடுத்துப் 'பிரேவ்ஹார்ட்' பார்த்துப் பாலத்தைத் தேடலாம். மூன்றாவதாகக் 'கிங்டம் ஆஃப் ஹெவன்'. திரையரங்குப் பதிப்பில் இல்லாத சிபில்லாவின் மகன் இயக்குநரின் நீண்ட பதிப்பில் இருப்பதால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அகிரா குரோசவாவின் 'ககெமுஷா' (1980) 1575இல் ஜப்பானின் நாகஷினோவில் துப்பாக்கி வரிசைமுன் குதிரைப்படை அழிவதில் முடிவதால், இடைக்காலத்தின் கடைசி எல்லையாக அதை வைத்துக்கொள்ளலாம். 'பொன்னியின் செல்வன்' கடைசியில் வரட்டும். நமக்கு நெருக்கமான வரலாற்றைச் சோதிக்க மற்றவற்றில் கை பழகியிருக்க வேண்டும்.

பொன்னமராவதிப் போரைக் காட்டும் படம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் பேரேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். சூளவம்சம் சொல்வதையும் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்வதையும் அண்ணன் மகள் சான்றுப் பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முடித்துவிட்டாள். படம் சொல்வது என்ற பத்தியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.